தனபாலின் மூச்சை நான் படித்த விதம்

தனபால் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, கிடர்பூரில் தன் அலுவலக மாடிப்படியில், மாரடைப்பு. ஒரு லாரி பழைய கப்பல் கயிற்றுக்கு நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். எங்களோடு சீட்டாடும், எல்லோருக்கும் அண்ணன் முறையான கோஷ் தாதா ஃபோனில் "தனபால் நேய்" என்றார். இல்லை என்பதற்கு வங்காளத்தில் இதைவிடச் சின்னச் சொல் கிடையாது.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலையில் அவர் கெட்டிக்காரர். ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டு என்னிடம் பெரிய ஆர்டரோடு வந்தபோது, "பேச்சைக் கேட்காதேயும் வே, செருப்பைப் பாரும்" என்றார். பார்த்தேன். தேய்ந்த செருப்பு. கடன் தராமல் தப்பித்தேன்.

ஞாயிறு மதியம் டாக்குரியாவில் கோஷ் தாதா வீட்டில் ஆறு பேர் போக்கர் ஆடுவோம். எங்கள் மேசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சீட்டு கையில் இருக்கும்போது யாரும் யாரையும் 'என்ன, ஒரு மாதிரி இருக்கீர்?' என்று கேட்கக் கூடாது. அக்கறைபோலக் கேட்டு ஆளின் மனதைத் துழாவுவது பழைய தந்திரம். அந்தத் தந்திரத்தை அதிகம் செய்தவன் நான். கட்டுப்பாடே என்னால் வந்தது.

ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டும்போது மட்டும் தனபாலுக்கு மூச்சு மேலோட்டமாக ஓடும். இதைப் பல வருடம் பார்த்துப் பிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அந்த ஆட்டம். என்னிடம் ராஜா ஜோடி. நடுவில் விரித்த ஐந்து சீட்டில் மூன்று ஆர்ட்டின். அவர் கையில் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், நான் காலி. தன்னிடமிருந்த மூன்று லட்சத்தையும் நடுவில் தள்ளினார். நான் சீட்டைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சைப் பார்த்தேன். மூச்சு தொண்டையிலேயே நின்றது. நெற்றியில் வியர்வை. பொய் என்று முடிவு செய்து என் மூன்று லட்சத்தையும் வைத்தேன்.

இரண்டு ஆர்ட்டினையும் திருப்பிப் போட்டார்.

எனக்குப் பணத்தைவிட என் கணக்குப் பொய்த்ததுதான் எரிந்தது. "என்ன வே, எனக்காக நடிச்சீரா?" என்றேன்.

"நடிக்கிறதுக்கு எங்க வே மூச்சு இருக்கு?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் போகவில்லை. அவர் கூப்பிட்டபோது ஃபோனையும் எடுக்கவில்லை.

மூச்சு பொய் சொல்லவில்லை என்றால் வேறு எதைச் சொன்னது? ஆட்டம் முடிந்து, சீட்டு கீழே கிடந்தது. அப்போது கேட்க எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எதிராளியைப் படிக்கத் தெரிந்த எனக்குச் சிநேகிதனைப் பார்க்கத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் அவர் மனைவி சொன்னார்: "அண்ணாச்சி, ஆட்டம் முடிஞ்சதும் உங்களைக் கூட்டிக்கிட்டு டாக்டர்ட்ட போறேன்னுதான் அன்னைக்குச் சொல்லிட்டுப் போனாவ. நீங்க கோவமா போயிட்டீயளாம். பொறவு பாத்துக்கிடலாம்னுட்டாவ."

என்னைக் குறை சொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தனபாலின் மனைவி மகளோடு ஊருக்குப் போகிறார். கிடர்பூர் அலுவலக அறையை நான் வாங்கிக்கொள்கிறேன். விலையை அவரே சொன்னார். சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு லட்சம், ஒரே தவணை, பேரம் இல்லை. கதவில் தனபால் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும்.