பதினேழாம் கேட்டில் நான் கண்டது

என் மூக்குக்கண்ணாடிக்கு தினமும் ஒருமுறை கண் தெரியாமல் போகும். டியூட்டி முடிந்து, மைனஸ் இரண்டு டிகிரியிலிருந்து நாற்பத்து மூன்று டிகிரிக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறேன் அல்லவா, அந்த நொடியே இரண்டு சில்லிலும் வெள்ளையாக ஆவி படிந்துவிடும். மீசையில் ஒட்டியிருந்த பனி உருகி வாய்க்குள் சொட்டும். ஆகஸ்ட் மாதத்து அமீரக வெயிலில், கம்பளி ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாயோடு தூணைப் பிடித்து நிற்கும் ஒருவனை நீங்கள் பார்த்தால் பயப்பட வேண்டாம். அது நான்தான். புதிதாக எங்கள் லேபர் கேம்ப்புக்கு வந்த ஒரு பீகார்க்காரப் பையன் முதல் வாரம் முழுக்க பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார மறுத்துவிட்டான். மூளை குழம்பிய கேஸ் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒரு மாலுக்குள் பனிமலை. எந்த மால் என்று கேட்காதீர்கள், எனக்கு விசா முக்கியம். அதில் பனி வாருவது என் வேலை. அரியலூரில் பிறந்து, ருவைஸ் ரிஃபைனரியில் இரண்டு வருடம் சாரம் கட்டி, கான்ட்ராக்ட் முடிந்து, கடைசியில் பாலைவனத்தில் பனி வாரும் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தவன். ஊரில் அப்பா கேட்டார், "என்னடா வேலை?" என்று. சொன்னேன். "சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடு" என்று போனை வைத்துவிட்டார்.

பகலெல்லாம் சுற்றுலாக்காரர்கள் வந்து விழுந்து எழுந்து போட்டோ எடுப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில், மால் திறப்பதற்கு முன்னால் வருகிறார்களே, அவர்கள் வேறு ஜாதி. பந்தய ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பழகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும். ஐந்தரை மணிக்கு ஆளுக்கு மூன்று ஜோடி ஸ்கீப் பலகையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பாக்கள் மேசை போட்டு, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்து ஸ்கீயின் அடியில் மெழுகு தேய்ப்பார்கள். ஆபீசில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர்கள் அங்கே முட்டி போட்டுப் பிள்ளையின் பூட்ஸை மாட்டிவிடுவார்கள். பந்தயத்துக்கு முன் பிள்ளைகள் கண்ணை மூடி, இரண்டு கையையும் பாம்பு மாதிரி நெளித்துப் பாதையை மனப்பாடம் செய்வார்கள். அம்மாக்கள் ஆல்ப்ஸ் மலையில் வாங்கிய மாட்டு மணியை ஆட்டி உற்சாகப்படுத்துவார்கள். சத்தியமாக மாட்டு மணிதான். எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூட அவ்வளவு நல்ல மணி கிடையாது. முதல் தடவை கேட்டபோது, அனிச்சையாகத் திரும்பி எந்த மாடு அவிழ்த்துக்கொண்டது என்று தேடினேன். அதற்காக சூப்பர்வைசர் நதீம் பாய் இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்.

இந்தப் பந்தயத்தில் 'கேட் ஜட்ஜ்' என்று ஒரு வேலை உண்டு. சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றை கேட் என்பார்கள். ஓடி வருகிறவர் ஒவ்வொரு கம்பத்தையும் சரியான பக்கமாகச் சுற்ற வேண்டும், இரண்டு ஸ்கீயும் சேர்ந்து. ஒன்று தப்பினாலும் ஆட்டம் அவுட். ஓரத்தில் நிற்கும் ஜட்ஜ் ஒரு அட்டையில் தப்பியவர் எண்ணையும் கேட் எண்ணையும் குறித்து, ஸ்கீயின் தடம் எப்படிப் போனது என்று படமும் போட வேண்டும். வழக்கமாகப் பெற்றோர்கள்தான் நிற்பார்கள். அன்றைக்கு ஆள் போதவில்லை. ஆஸ்திரியாக்காரர் ஹெல்முட், அவர்தான் பந்தயத் தலைவர், என்னைக் கூப்பிட்டு அட்டையையும் பென்சிலையும் கொடுத்தார். "பதினைந்திலிருந்து பதினெட்டு வரை உன்னுடையது. பார்த்ததை எழுது. சந்தேகம் இருந்தால் எழுதாதே. சந்தேகத்தின் பலன் ஓடுகிறவருக்கு." எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாம் வகுப்பில் படம் போட்டு பாகம் குறித்ததற்குப் பிறகு என் ஓவியத்தை யாரும் கேட்டதில்லை.

தியா என்று ஒரு பெண், பதினைந்து வயது. தமிழ்ப் பெண்தான். அப்பா ஏதோ எண்ணெய் கம்பெனியில் பெரிய மேனேஜர். நான்கு வருடமாக வாரம் தவறாமல் பார்க்கிறேன். ஒருமுறை "வணக்கம் சார்" என்றேன். "ஹலோ" என்று எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குச் சொல்லிவிட்டுப் போனார். இன்னொருமுறை "பாய், இதர் சாஃப் கரோ" என்று பனியைக் காட்டினார். பனியை எப்படி சுத்தம் செய்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெண் அருமையாக ஓடுவாள். தமிழ் முகம் ஒன்று கம்பங்களைத் தட்டிக்கொண்டு பறந்து வரும்போது என் வாயில் ஈ புகுவதுகூடத் தெரியாது. அங்கே ஈ கிடையாது என்பது வேறு விஷயம்.

அன்று இரண்டாவது ஓட்டத்தில் அவள் பதினேழாம் கம்பத்துக்கு வந்தாள். உள்பக்க ஸ்கீயின் முனை கம்பத்துக்குத் தவறான பக்கம் போய்விட்டது. சைக்கிள் பாரில் கால் போட்ட மாதிரி கம்பம் இரண்டு காலுக்கும் நடுவே மடங்கி, அவள் போனதும் படாரென்று எழுந்து நின்றது. கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் பார்த்துவிட்டேன். பனியில் இரண்டு கோடு, கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அட்டையில் எழுதினேன். படம் போட்டேன். போட்டுவிட்டு ஒரு காரியம் செய்தேன் பாருங்கள். இந்த உலகத்தில் வேறெந்த கேட் ஜட்ஜும் அதைச் செய்திருக்க மாட்டான். பக்கத்தில் சாத்தியிருந்த வாரியை எடுத்து அந்தத் தடத்தை மழமழவென்று வாரிவிட்டேன். நான்கு வருடப் பழக்கம். பள்ளம் கண்டால் கை வாரும். தப்பு நடந்த இடத்துத் தடத்தை விசாரணை முடியும்வரை காப்பாற்ற வேண்டும் என்பது வாரி முடித்த பிறகுதான் மண்டைக்கு ஏறியது.

இரண்டு ஓட்டமும் சேர்த்து தியாதான் மிகக் குறைந்த நேரம். அவளை நீக்கினால் ரீம் என்ற லெபனான் பெண் முதலிடம். அட்டையை வாசித்த ஹெல்முட் தியாவின் எண்ணை நீக்கி அறிவித்தார். தியாவின் அப்பா ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த கையோடு என்னிடம் வந்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க தமிழா? சொல்லவே இல்லியே!"

"நாலு வருஷமா சொல்லிட்டுத்தான் சார் இருக்கேன்."

"எந்த ஊரு?"

"அரியலூர் பக்கம்."

"அட, என் மாமனார் வீடு திருச்சிதாம்பா! பக்கத்து ஊர்க்காரங்களா ஆயிட்டோம்." தோளில் கை விழுந்தது. "பாருங்க தம்பி, பாப்பாவுக்கு இது செலக்‌ஷன் ரேஸ். இதுல ஜெயிச்சா இந்தியா கேம்ப்புக்குக் கூப்பிடுவாங்க. நம்ம நாட்டுக்காக ஓடப் போற பொண்ணு. சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். யாரோ ஒரு அரபிப் பொண்ணுக்காக நம்ம புள்ளைய விட்டுக்கொடுப்பீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் அங்கிருந்த பனி உருகியிருக்க வேண்டும். நான்கு வருடம் கம்பத்தோடு கம்பமாக நின்றவனுக்கு ஒரே நிமிடத்தில் மொழி, ஊர், நாடு, தோள்மேல் கை எல்லாம் கிடைக்கிறது. அதுவும் பொய் சொல்வதற்காக. "சார்" என்று கத்தத்தான் வாய் திறந்தேன். ஆனால் 'நம்ம புள்ள' என்ற சொல் உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

எனக்கு இதில் முன் அனுபவம் வேறு இருக்கிறது. ஊரில் எங்கள் கபடி டீமுக்கு நான் கோட்டு நடுவர். ஆட நான் லாயக்கில்லை, அதனால் நடுவர். பக்கத்து ஊரோடு இறுதி ஆட்டம். எங்கள் பையன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டான். செருப்பளவு தாண்டியிருந்தான். நான் கொடியைத் தூக்கவில்லை. ஜெயித்தோம். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனபோது, தோற்ற டீமின் ரெய்டர் முழங்காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தான். "ஏண்ணே, ஒங்களுக்கே தெரியும்ல?" என்றான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான். மாலையோடு நான் பதில் தேடி நின்றதை நினைத்தால் இப்போதும் பிடரி கூசும்.

ஹெல்முட்டின் குடிலில் விசாரணை. நதீம் பாய் வாசலிலேயே என் காதைக் கடித்தார். "அரே யார், 'நாட் ஷ்யூர்' போல் தே, சொல்லிடு. கலாஸ், முடிஞ்சுது. அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பேப்பர் வருது, ஞாபகம் இருக்கட்டும்." உள்ளே போனேன். பேச்செல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலம் சாரம் கட்டிய ஆங்கிலம், அங்கங்கே ஆடும்.

"நீ பார்த்தாயா?"

"பார்த்தேன் சார்."

"கண்ணாடியில் ஆவி படிந்திருக்கலாம் இல்லையா?" இது தியாவின் அப்பா. இப்போது தமிழ் போய்விட்டது.

"அது வெளியேதான் படியும். உள்ளே படியாது."

"நூறு சதவீதம் நிச்சயமா?" என்றார் ஹெல்முட்.

"நூறு சதவீதம்."

சரி, தடத்தைப் பார்ப்போம் என்று எல்லோரும் பதினேழாம் கேட்டுக்கு ஏறினார்கள். அவ்வளவு அழகாக நான் வாழ்நாளில் வாரியதில்லை. புதுப்பெண் சீப்பு போட்ட தலை மாதிரி பனி படிந்து கிடந்தது.

"தடம் எங்கே?"

"வாரிவிட்டேன்."

"ஏன்?"

"அதுதான் சார் என் வேலை."

ஹெல்முட் கெட்டவர் இல்லை. என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் வாரியோடு நிற்பவனின் கண் ஒரு பக்கம், மேனேஜரின் ஆட்சேபக் கடிதம் இன்னொரு பக்கம், நடுவே வழுவழுவென்று ஒரு பனிப்பரப்பு. சந்தேகத்தின் பலன் ஓடியவருக்கு என்றார். எனக்குச் சந்தேகமே இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தியா முதலிடம்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ரீமின் அம்மா என்னைக் கடந்து போகும்போது, பெண்ணின் தோளை அணைத்தபடி, தியாவின் அப்பாவையும் என்னையும் மாறி மாறி விரலால் காட்டி, "ஹிந்தி, ஹிந்தி. கலாஸ்" என்றார். அரபியில் இந்தியனுக்கு அதுதான் சொல். இந்தியனுக்காக இந்தியன் தடத்தை அழித்துவிட்டான் என்று அர்த்தம். "நோ மேடம், ஐ டெல் ட்ரூ" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ரீம் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை.

அடுத்து மேனேஜர் வந்தார், முகமெல்லாம் பூரிப்பு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "அங்க அப்படிச் சொன்னீங்க, சரி, வேலை இருக்கே, சொல்லித்தான் ஆகணும். ஆனா தடத்தை முன்னாடியே அழிச்சீங்க பாருங்க, அந்த மனசு யாருக்குத் தம்பி வரும்?" என்றார். விளக்க வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். பின்னாலேயே தியா, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. கண் கலங்கியிருந்தது.

"அங்கிள், நீங்க ரேக் பண்ணிட்டீங்கல்ல. தேங்க்ஸ்."

"நான் உனக்காகப் பண்ணலம்மா."

"இட்ஸ் ஓகே அங்கிள்." அக்கம்பக்கம் பார்த்தாள். "ஐ வோன்ட் டெல் எனிஒன்."

அவளுக்குத் தெரியும்! கம்பம் இரண்டு காலுக்கும் நடுவே போனது அவள் முழங்காலுக்குத் தெரியாதா? என்னைக் கூட்டுக் களவாணியாகச் சேர்த்துக்கொண்டு, எனக்கே அபயம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவள்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவள் அப்பா கணக்கில் ஏற்றிவிட்டேன்.

பட்டறையில் ஸ்கீ விளிம்பு தீட்டும் காதர் அண்ணன் கீழக்கரைக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அரத்தைக் கீழே வைத்தார். "மாப்ளே, பொய் சொல்லித் திருடனா ஆனவனப் பாத்திருக்கேன். உண்மையச் சொல்லித் திருடனா ஆனவன் துனியாவுலயே நீ ஒருத்தன்தான்." இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஊரில் பொய் சொன்னேன், மாலை போட்டார்கள். இங்கே உண்மையைச் சொன்னேன், அதே மாலையைத்தான் போட வருகிறார்கள். நான் யார் பக்கம் என்று என் தோலைப் பார்த்து எல்லோரும் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்குமே இல்லை.

பரிசளிப்பு சரிவின் அடியில் நடந்தது. எங்கள் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும், அது ஆர்டர். நானும் நின்றேன். ரீமின் அம்மா எதிரே, ஐந்தடி தூரத்தில், மாட்டு மணியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நாக்கை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருந்தேன். கை தட்டக் கூடாது. தட்டினால் அந்த அம்மாள் சொன்னது ருசுவாகிவிடும். மைக்கில் ஹெல்முட் முதலில் மூன்றாமிடத்தைக் கூப்பிட்டார். பிறகு ரீம். பிறகு, "ஃப்ரம் இந்தியா..." என்று அவர் இழுத்தார். தியாவின் அப்பா பையிலிருந்து மூவர்ணக் கொடியை உதறிப் பெண்ணின் தோளில் போர்த்தினார். அந்த மேடையில், அந்தக் குளிரில், அந்தக் கொடி. பித்தலாட்டம் என்று எனக்குத் தெரியும். பார்த்த ஒரே சாட்சி நான். இருந்தும் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் நெஞ்சுவரை எழுந்துவிட்டன. பதறிப்போய் இரண்டையும் அக்குளில் செருகி, இறுக்கி அழுத்திக்கொண்டேன். உள்ளே அவை துடித்துக்கொண்டிருந்தன. மணிகள் ஒலித்தன.

"க்யா பாய், குளிருதா?" என்றார் நதீம் பாய்.

"ஆமா பாய்" என்றேன்.