சனிக்கிழமை டீக்கு யார் காசு கொடுப்பது

எங்கள் சேமியா கம்பெனியில் யாரும் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குள் போவோம். முதலாளி பின் அடித்த கவரைக் கையில் கொடுத்து, "வெளியில பேசிக்காதீங்க" என்பார். நாங்களும் பேசிக்கொள்ள மாட்டோம். ஆனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. கவர் வாங்கினதும் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்கு எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். யாருக்குச் சம்பளம் ஜாஸ்தியோ அவர்தான் டீக்கும் வடைக்கும் காசு கொடுக்க வேண்டும்.

இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் சேரும்போதே இருந்தது. எனக்கு முன்னால் மிஷின் ஓட்டியவர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வேலையை விட்டு நின்ற பிறகு மிஷினும் எனக்கு வந்தது, டீச் செலவும் எனக்கு வந்தது. ரவையையும் தண்ணீரையும் பிசைந்து, துளைத்தட்டு வழியாகச் சேமியாவாகத் தள்ளுகிற மிஷின் அது. பேக்கிங் ஆட்களைவிட ஆபரேட்டருக்குத்தான் சம்பளம் கூட என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கல்லாவில் காசை வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஏன் இருக்கக் கூடாது? வேறு எங்கே என்னைப் பெரிய ஆள் என்று உட்கார வைத்தார்கள்?

நான் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறவள். கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது, திட்டுவதற்காவது. தம்பி பெங்களூரில் இருக்கிறான், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். பகலெல்லாம் மிஷின் சத்தத்தில் பேச முடியாது, சாயங்காலம் பேச ஆள் கிடையாது. வாரம் முழுக்க நான் வாய் திறந்து சிரித்துப் பேசுவது அந்தச் சனிக்கிழமை அரை மணி நேரம்தான். பேக்கிங்கில் இருக்கிற இரண்டு பெண்களும் நானும் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் அரைப்போம். பிறகு அவர்கள் கடலூர் பஸ்ஸில் ஏறுவார்கள், நான் எதிர்ப்பக்கம் நின்று சிதம்பரம் பஸ் பிடிப்பேன்.

போன வருஷம் பாக்கெட் போடுவதற்கு ஒரு புது மிஷின் வந்தது. அதை ஓட்ட பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், மீசை மட்டும் பாதி வெளுத்துவிட்டது. முதல் நாளே என்னை "அக்கா" என்றார்.

"மொதல்ல கண்ணாடியில மீசையைப் பாருங்க. நான் உங்களுக்கு அக்காவா?" என்றேன்.

"மிஷின்ல நீங்கதான சீனியர். அதான்க்கா" என்றார். நானும் விடவில்லை, "சரிண்ணே" என்றேன். அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா, அவர் எனக்கு அண்ணே. பேக்கிங் பெண்களுக்கு இதைச் சொல்லிச் சிரிக்கவே ஒரு வாரம் போதவில்லை.

அவருக்கு முதலில் ட்ரெய்னிங் சம்பளம். சனிக்கிழமை எங்களோடு வருவார், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பேசாமல் டீ குடிப்பார். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். இவர் கடலூர் முதுநகரில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அதிகம் பேசாத மனுஷன், ஆனால் நாங்கள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்பார். எங்கள் கடையில் டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுவார்கள். நான் கடைசி மடக்கை எப்போதும் கீழே ஊற்றிவிடுவேன். "நாலு டீ" என்று மொத்தமாகச் சொல்லிப் பழகியவள், எனக்கென்று தனியாகச் சொல்லத் தோன்றியதே இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல வடையைக் கடித்துக்கொண்டே பர்ஸைத் திறந்தேன். கடைக்காரர், "ஆச்சுக்கா" என்றார்.

"என்ன ஆச்சு?"

"அவரு குடுத்துட்டாரு."

பேக்கிங் பெண்களில் ஒருத்தி, "என்னண்ணே விசேஷம்? பொண்ணுக்கு எதுனா நல்ல காரியமா?" என்று கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை. "விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. முறைதானே" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாயில் இருந்த வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

அவர்கள் பஸ் ஏறின பிறகு அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னைவிட உங்களுக்கு ஜாஸ்தின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பர்மனென்ட் பண்ணும்போது முதலாளியே சொன்னாரு. அந்தம்மாவவிட உனக்குச் சேத்துப் போட்டிருக்கேன், வெளியில சொல்லாதன்னாரு."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நான் எங்கக்கா சொன்னேன்? சொல்லாதன்னாரு, சொல்லல. டீக்குக் காசு குடுக்காதன்னு சொல்லலையே. தெரிஞ்சுக்கிட்டே உங்க காசுல டீ குடிச்சா உள்ள எறங்க மாட்டேங்குது."

இந்த மனுஷனைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. எவ்வளவு ஜாஸ்தி என்று கேட்டேன். சொன்னார். அந்த வித்தியாசத்தில் மாசத்துக்கு நாலு கேஸ் சிலிண்டர் வாங்கலாம்.

அந்த வாரம் முழுக்க என் வயிறு எரிந்தது. பஸ்ஸில் யாரைப் பார்த்தாலும் உங்கள் கம்பெனியில் என்ன சம்பளம் என்று கேட்க வாய் ஊறியது. ஒருத்தரிடம் கேட்டேவிட்டேன். காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் மிஷின் ஓட்டுகிறவர். "எங்களுக்கு அறுப்பு சமயத்துல ஒண்ணு, சும்மா இருக்கறப்ப ஒண்ணும்மா" என்றார். இறால் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், கிலோ கணக்கில்தான் கூலி, சரக்கு வராத நாளில் அதுவும் இல்லை என்றாள். செம்மங்குப்பத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிற கெமிக்கல் கம்பெனி ஆட்களிடம் கேட்கத் துணியவில்லை. ஆளுக்கு ஒரு ரேட், ஊருக்கு ஒரு ரேட். சரி, அதெல்லாம் வேறு வேறு இடம். ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்தில், நான் தள்ளுகிற சேமியாவைப் பாக்கெட்டில் அடைக்கிறவருக்கு என்னைவிட ஜாஸ்தி என்றால் அது என்ன கணக்கு?

அடுத்த சனிக்கிழமை கவரை வாங்கவில்லை. மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கேட்டேன்.

முதலாளி நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்த மாட்டார். "அவரு வெளியூர்லேந்து வந்தவரும்மா. புது மிஷின் தெரிஞ்ச ஆளு. குடும்பஸ்தரு வேற. நீங்க ஒத்த ஆளுதானே" என்றார்.

ஒத்த ஆள்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒத்த ஆளுன்னா என் மிஷின் பாதிதான் ஓடுதா சார்? வீட்டுக்காரன் பாதி வாடகைதான் வாங்குறானா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார்.

"யாரும் சொல்லல. டீக்கடையில தெரிஞ்சுது."

நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாதா என்ன? மறுவாரம் எனக்கும் அதே சம்பளம் போட்டார். ஒரு பைசா குறையவில்லை. அதே வாரம் பாக்கெட் மிஷினை நைட் ஷிஃப்டுக்கு மாற்றினார், ஆர்டர் ஜாஸ்தி என்று காரணம் சொன்னார்கள். நான் வெளியே வந்து பஸ் ஏறின பிறகுதான் அண்ணன் உள்ளே போவார். கவரும் நின்றது, சம்பளம் எல்லாருக்கும் பேங்கில் ஏறியது. கையில் கவர் இல்லாத சனிக்கிழமை பேக்கிங் பெண்களுக்கு மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. "பஸ்ஸு போயிடும்க்கா" என்று ஓடினார்கள். அடுத்த வாரமும் ஓடினார்கள். ஆபீசில் கேட்டுவிட்டு வந்தவளோடு உட்கார்ந்து பேச அவர்களுக்குப் பயமோ என்னவோ. நான் கேட்டது தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் வாரத்தில் எனக்கு இருந்த அந்த அரை மணி நேரம் போய்விட்டது. அக்கவுண்டில் பணம் ஏறின மெசேஜைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பூட்டிய கதவுதான் இருக்கிறது என்று தெரிந்தும் கால் எழவில்லை.

கடைக்காரர் ஒரு டீ போட்டார். காசு எடுக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்போது அண்ணனுக்கும் எனக்கும் சம்பளம் சரிசமம். அப்படியானால் யார் கொடுக்க வேண்டும்? எங்கள் முறையில் இதற்குப் பதில் கிடையாது. இப்படி ஒரு நாள் வரும் என்று யாருமே நினைத்ததில்லை போல. கேட்கலாம் என்றால் ஆளைப் பார்க்கவே முடிவதில்லை. ரெண்டு டீக்குக் காசை வைத்து, "அந்தப் பெண்ணாடத்து அண்ணன் ராத்திரி வேலைக்கு வந்தா இதுல ஒண்ணு குடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்பே டீ வந்தது. காசை நீட்டினேன், கடைக்காரர் வாங்கவில்லை.

"உங்களுக்குக் குடுக்கச் சொல்லி நேத்தே காசு வச்சிட்டுப் போயிட்டாரு. சர்க்கரை கம்மியா போடணும்னு ரெண்டு தடவை சொன்னாரு."

எனக்குச் சர்க்கரை கம்மியாக வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போனதிலிருந்து அதைக் கேட்கவும் ஆளில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா, சூடா இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா" என்றேன். அன்றைக்குக் கீழே ஊற்றவில்லை, கடைசி மடக்கையும் குடித்தேன். அவருக்கென்று ரெண்டு டீக்குக் காசு வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்றேன். சிதம்பரம் பஸ் வந்தது.