ஆசை காட்டினார் என்று எழுதிக் கொடுத்தேன்

பொய் சொன்னேன். சேலையும் அரிசியும் தருவதாக ஆசை காட்டித்தான் எஸ்தர் அக்கா என்னை மதம் மாற்றினார் என்று, தாலுகா அலுவலகத்தில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் எதற்கும் எனக்கு ஆசை காட்டியதில்லை.

யார் அவர் என்று கேட்பீர்கள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என்னருகே உட்கார்ந்து வேலை பார்த்தவர். வெடிமருந்து தீப்பிடித்து என் இரு கைகளும் வெந்தபோது என் சொந்தங்கள் எட்டிப் பார்க்கவில்லை. கணவர் முன்பே விட்டுப் போயிருந்தார். அக்காதான் இரண்டு மாதம், வேலைக்குப் போகுமுன் வந்து எனக்குச் சோறூட்டினார், புண்ணைக் கழுவினார், மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினார்.

ஒருநாள்கூடச் சாமி பேச்சை எடுத்ததில்லை. நான்தான் கேட்டேன்... "ஒங்க கோயிலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறீகளாக்கா?"

"நல்லா யோசிச்சுக்கத்தா" என்றார். யோசித்துத்தான் ஞானஸ்நானம் பெற்றேன்.

சில வருடங்களில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ஆசை காட்டியோ மிரட்டியோ மதம் மாற்றினால் சிறை. அதே சமயம் மகளின் நர்சிங் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நின்றேன். எங்கள் சாதியில் கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். நான் மாறியதை யாரோ மனுவாகவே எழுதிப் போட்டிருந்தார்கள்.

அதிகாரி சொன்னார்: "நீங்களா விரும்பி மாறியிருந்தா பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது. ஏமாத்தி மாத்துனாகன்னா எழுதிக் குடுங்க. பழையபடி இந்துவாவே இருந்துக்கலாம்."

மகள் வெளியே மரத்தடியில் நின்றிருந்தாள்... எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயமா? சுயநலமா? பிள்ளைக்காக என்று சொல்லிக்கொண்டால் பாரம் குறைந்துவிடுமா?

அக்காவைப் போலீஸ் அழைத்துப் போனது. நாங்கள் கூடிய ஜெபக்கூடம் பூட்டப்பட்டது. கம்பெனி அவரை நிறுத்தியது. ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை அவருக்கே வாசித்துக் காட்டினார்களாம்.

பிறகு அரசே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கும் நின்றுபோனது. வேலை மட்டும் அக்காவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அச்சங்குளத்தில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தார்.

என் மகள் நர்ஸானதைக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"பிள்ளைக்கு இந்த வெள்ளை உடுப்பு எம்புட்டு அழகா இருக்கு" என்று அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியாத்தா?" என்றார்.

"அக்கா, அன்னைக்கு ஆபீசுல நான்..."

"அதப் பேசாதத்தா."

குரலில் கோபமில்லை. மன்னிப்பும் இல்லை. டீயைக் குடித்துவிட்டு, மகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

இன்று நான் உண்ணும் சோறும் என் மகளின் வாழ்வும் அவர் தந்தவை. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கிறேன். முதலில் வருவது அவர் பெயர்தான். நன்றி, நன்றி என்றே சொல்கிறேன்... வேறென்ன சொல்ல எனக்குத் தகுதியிருக்கிறது?

காலையில் பொட்டு வைத்துக்கொண்டு கம்பெனி வேன் ஏறுகிறேன். அந்தத் தாள் எந்த அலமாரியில் கிடக்கிறதோ... அதில் எழுதியது பொய் என்று இன்றுவரை நான் எந்த அலுவலகத்திலும் போய்ச் சொல்லவில்லை.