சித்தப்பாவின் பல்

பல் சுத்தம் செய்யும் படிப்பில் அவளுக்கு 'முதல் பெஞ்சு' என்றே பெயர். தத்தளித்த தோழிக்கும் சேர்த்தே படித்தாள். செய்முறைத் தேர்வுக்குப் பற்காரை படிந்து இறுகிய பல்லுள்ள ஆளை மாணவிகளே கூட்டிவர வேண்டும். அழுக்குப் பல்லை யாராவது பொத்திப் பொத்தி வைப்பார்களா? சித்தப்பாவின் பல்லை மாதக்கணக்கில் யாரையும் தொடவிடாமல் அவள் வைத்திருந்தாள்.

தேர்வு நாற்காலியில் சித்தப்பா வாயைத் திறந்தார். பல் பளபளத்தது.

"யாரு சித்தப்பா செஞ்சது?"

"நேத்து அவளுக்குப் பரீட்சைன்னு உன் தோழி கூட்டிட்டுப் போனாளேம்மா. நீதான் அனுப்பினேன்னு சொன்னா. மிச்சத்த இன்னிக்கு நீ பாப்பியாம். பாஸாயிட்டாளாம். துளிகூட வலிக்கல."

வலிக்காமல் சுரண்டுவது எப்படி என்று தோழியின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவளே முதல் பெஞ்சுதான்.