நடுச்சுவரைத் தாண்டி வந்த மியாவ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்கள் திறந்த ஜூன் மாதம் அது. கோலார் தங்க வயலில் நந்திதுர்க் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடு ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம்.

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். பல வருடங்கள் தினமும் ரயிலேறி பெங்களூரு போய் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். மகன் பிறந்த பிறகு அந்த ஓட்டம் என்னால் முடியவில்லை. வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடத்திப் பார்க்கலாம் என்று துணிந்து வேலையை விட்டேன். துணிச்சல் எல்லாம் அந்த ஒரு விஷயத்தில்தான். விளம்பரத்தில் ஊர்ப் பெயர் போடும்போது என் கை நேராக 'பெங்களூரு' என்று எழுதிவிட்டது. வெளியூரில் யாராவது கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வோம். போதாததற்கு, வீடியோவில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு பொய்ப் புத்தக அலமாரிப் படத்தையும் வைத்துக்கொண்டேன். தகரக் கூரையைப் பார்த்தால் யார் பிள்ளையை ஒப்படைப்பார்கள் என்ற பயம்.

பக்கத்து வீட்டு அக்கா தையல்காரர். அவருடைய மிஷின் ஓடினால் எங்கள் வீட்டுத் தட்டுகள் ஆடும். வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் போய், "அக்கா, நாலு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் மட்டும் மிஷினை நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னாம்மா, நிறுத்திட்டா போச்சு" என்றார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னதால் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு குழந்தை. புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுடைய அம்மாவுக்கு நான் கறாராகச் சட்டம் போட்டேன். கதவைச் சாத்துங்கள், டிவியை நிறுத்துங்கள், அறையில் மூன்றாவது ஆள் கூடாது. அந்த அம்மா அப்படியே செய்தார்.

தினமும் நாலு மணிக்கு நான் மாடாகவும் ஆடாகவும் கத்துவேன். "பூனை எப்படிக் கத்தும்?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணுவேன். பதில் சொல்லக் குழந்தைக்கு அவகாசம் கொடுப்பது எங்கள் தொழிலில் முக்கியம். பத்து எண்ணி முடித்ததும் நானே "மியாவ்" என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்பேன். அவள் என்னைப் பார்ப்பாள், சில நாள் சிரிப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். மூன்று வாரம் இப்படியே போனது. தண்ணீர் பிடிக்கப் போனால் லைன் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வேலையை விட்ட ஏக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகப் பேச்சு என்று பிறகு தெரிந்தது.

நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்புக்கு முன்னால் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், இன்னைக்கோட நிறுத்திக்கலாம்னு இருக்கோம். உங்க மேல தப்பில்ல." என்னிடம் இருந்ததே ஒரே குழந்தை, அதுவும் போனால் மறுபடியும் ரயில்தான். அதைவிட, அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை இனிப் பார்க்க முடியாதே என்பதுதான் தாங்கவில்லை. சமாளித்துக்கொண்டு பூனைப் படத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"பூனை எப்படிக் கத்தும்?"

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு. குழந்தை அசையவில்லை.

"மியாவ்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தையல்கார அக்காவின் அடித்தொண்டையில், பொறுமை போன ஒரு மியாவ். அதோடு விடவில்லை. "சொல்லு கண்ணு, மியாவ்னு சொல்லு! எத்தினி நாளா அந்த டீச்சரம்மா கேட்டுக்கினே கீது!"

எனக்குக் கூசிப் போனது. மானம் போயிற்று, பெங்களூர்ப் பொய்யும் போயிற்று. ஆனால் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். போனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல, காற்றும் குரலுமாக, "மியா?" என்றாள்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பொய் அலமாரியை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அக்கா மிஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் நீல நிற யூனிஃபார்ம் துணி மலைபோல் குவிந்திருந்தது. அதன் மேல் அவருடைய பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதை அலாக்காகத் தூக்கிக் காட்டினார். அங்கே குழந்தை குதித்தாள். "மியா! மியா! வா!"

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நான் பெங்களூரில் இல்லை, இது கோலார் தங்க வயல் என்று திக்கித் திணறிச் சொன்னேன். "எந்த ஊரா இருந்தா என்ன மேடம். இங்க வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். நாலு குரல் கேட்டு வளராத பிள்ளை இது. நாளைக்கும் அந்த அக்கா இருப்பாங்களா?" என்றார்.

ஒரே நாளில் மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. அவள் வாக்கியமாகப் பேச ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அக்கா என் வகுப்புக்கு வந்தார்.

அந்த யூனிஃபார்ம் குவியலைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வருடத்திலேயே அவருக்கு வேலை அதிகமாக நெருக்கும் மாதம் அது. நான் கேட்ட அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட, விடியும் முன்பே எழுந்து தைத்திருக்கிறார்; விடியற்காலையில் எங்கள் தட்டுகள் ஆடியது அதனால்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்ட, நிறுத்துனேன். சும்மாதானே குந்திகினு இருந்தேன், அந்தக் கொழந்தை இன்னிக்காவது வாயத் தொறக்குமான்னு காத்துக்கினு இருந்தேன்" என்றார்.

இப்போது என்னிடம் பதினோரு குழந்தைகள் படிக்கிறார்கள். விளம்பரத்தில் எங்கள் ஊர்ப் பெயர் முழுசாக இருக்கிறது. கதவைச் சாத்தச் சொல்லும் சட்டத்தை எடுத்துவிட்டேன். எந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டு என்னோடு சேர்ந்து ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அப்போதெல்லாம் பத்தோடு நிறுத்தி நானே பதிலைச் சொல்லிவிட எனக்கு மனசு வருவதில்லை.