மாணவர் இல்லாத மாணவர் பங்கேற்புக் குழு

1. குழு பிறந்தது

எங்கள் வளாகத்தில் மாணவர் பங்கேற்புக் குழு அமைக்கப்பட்ட அன்று அதற்கு ஐந்து உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஐவரும் விரிவுரையாளர்கள். நான் அப்போது அங்கே உதவிப் பதிவாளர். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவது, நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, யார் என்ன சொன்னார் என்று குறிப்பெடுப்பது, எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. ஆகவே அந்தக் குழுவுக்கும் நானே செயலாளர்.

"சேர், இதில மாணவர் ஒருத்தரும் இல்லையே?" என்று வளாகப் பணிப்பாளரிடம் கேட்டேன்.

"முதல்ல குழு ஸ்ட்ரோங்கா நிக்கட்டும் ஃபரீதா மிஸ். பிறகு மாணவரப் பத்தி யோசிப்பம்."

"வளாகச் சபையிலயும் மாணவருக்கு ரெண்டு இடம் இருக்கெண்டு விதியில இருக்கு சேர். பழைய பகிஷ்கரிப்புக்குப் பிறகு அத நிரப்பவே இல்ல."

"இருக்கட்டும் மிஸ். இடம் எங்கயும் ஓடாது."

குழுவுக்கு அவ்வளவு அவசரம் வந்ததற்குக் காரணம், கொழும்பிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரவிருந்ததுதான். வளாகத்தின் தரத்துக்கு அவர்கள் புள்ளி போடுவார்கள். முடிவெடுப்பதில் மாணவருக்கு இடம் உண்டா என்பதற்கும் புள்ளி இருந்தது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பணிப்பாளர் 'பார்ட்டிசிபேஷன்' என்ற சொல் இல்லாமல் ஒரு வசனம் பேசியதில்லை.

எங்கள் வளாகம் சிறியது. ஒரு பக்கம் களப்பு நீர், மறுபக்கம் புத்தளம் வீதி. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை உள்ள பிள்ளைகள் பஸ்ஸில் வந்து போவார்கள். அந்தத் தவணையில்தான் சபை நேர அட்டவணையை மாற்றியது. காலையில் நடந்த விரிவுரைகள் எல்லாம் பிற்பகலுக்குப் போயின. முடியும்போது இருட்டி, மகரிப் பாங்கு சொல்லும். அதற்குப் பிறகு முந்தல் பக்கம் போகிற பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் முதுநிலை விரிவுரையாளர் இல்யாஸ் சேர். சபையில் அவர் சொன்ன காரணங்களை நானே குறிப்பெடுத்தேன். கொழும்பிலிருந்து வருகிற விரிவுரையாளர்களுக்குக் காலையில் வந்து சேர முடியாது என்பது ஒன்று. பின்னேரம் களப்புக் காற்று வீசும், பிள்ளைகளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்பது மற்றது. காற்றைப் பற்றிச் சொன்னபோது சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த மண்டபத்துக்கு ஏசி இருந்தது.

2. கண்ணாடிப் பெட்டி

சில நாட்களில் ரிசானா என் அறைக்கு வந்தாள். கனமூலை ஊர்ப் பிள்ளை. மூன்றாம் வருடம். மாணவர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதிநிதி. சத்தம் போட்டுப் பேசுகிறவள் அல்ல. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நிற்பாள்.

"மிஸ், டைம் டேபிள மாத்தினது ஆரு?"

"சபை."

"சபையில எங்கட ஆள் ஆரு?"

"ஒருத்தரும் இல்ல மகள்."

"அப்ப எங்கட கதைய எங்க போய்ச் சொல்ற?"

"பங்கேற்புக் குழு ஒண்டு இருக்கு," என்றேன். என் வாயில் வருவதற்கு அந்தப் பதில் சற்றுக் கூசியது.

"அதில ஆரெல்லாம் இரிக்கிற?"

ஐந்து பேரையும் சொன்னேன். கடைசியாகச் சொன்ன பெயர் இல்யாஸ் சேருடையது.

"நல்லம் மிஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் இரண்டு பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி கற்பிட்டிப் பிள்ளை. மற்றவள் முந்தலிலிருந்து வந்த ஷஹானா. அவளுடைய வாப்பா உப்பளத்தில் வேலை. இருட்டின பிறகு மகள் வீதியில் பஸ்ஸுக்கு நிற்பதை அவர் விரும்பவில்லை. இதை நான் பணிப்பாளரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். கவலைப்பட்டு, ஆலோசனைப் பெட்டி ஒன்று வைக்கச் சொன்னார்.

பெட்டி கண்ணாடியால் செய்யப்பட்டது. ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்று காட்டுவதற்காம். வைத்த இடம் பணிப்பாளரின் அறை வாசல். அதற்கு நேர்மேலே கண்காணிப்புக் கமரா. யார் எழுதிப் போடுகிறார் என்று கமராவிலும் பார்க்கலாம், என்ன எழுதியிருக்கிறார் என்று கண்ணாடி வழியாகவும் படிக்கலாம்.

குழு கூடிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு டொஃபிக் கடதாசியும், பஸ் டிக்கெட்டுகளும், ஒரேயொரு ஆலோசனையும் இருந்தன. 'தயவுசெய்து இந்தப் பெட்டியக் கொஞ்சம் தள்ளி வைங்க.'

"பாத்தீங்களா," என்றார் பணிப்பாளர். "பிள்ளைகளுக்குப் பெரிசாக் குறை ஒண்டும் இல்ல."

3. ஒத்திகை

மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முன்னர் மாணவர்களை எதிலாவது வாக்களிக்க வைக்க வேண்டும் என்று பணிப்பாளர் தீர்மானித்தார். எதில் என்று குழு இரண்டு கூட்டம் யோசித்தது. கடைசியில் கேட்போர் கூடத்துத் திரைச்சீலையின் நிறத்தில் வந்து நின்றது. நீலமா, மெரூனா? மாணவர்கள் கை உயர்த்தி வாக்களித்தார்கள். நீலம் வென்றது. அடுத்த கிழமை மெரூன் சீலை வந்து தொங்கியது. வாக்கெடுப்புக்கு முன்னரே சிலாபத்துக் கடையில் ஓடர் கொடுத்தாயிற்றாம்.

"பங்கேற்றதுதான் முக்கியம் மிஸ், நிறம் இல்ல," என்றார் பணிப்பாளர்.

பிறகு மதிப்பீட்டாளர்களைச் சந்திக்கப் பத்து மாணவர்களைப் பொறுக்கினார்கள். நன்றாக உடுத்துகிறவர்கள், எதிர்த்துப் பேசாதவர்கள். ரிசானாவைக் கூப்பிடவில்லை. பணிப்பாளரே அந்தப் பத்துப் பேருக்கும் பாடம் நடத்தினார்.

"முடிவெடுக்கிறதில உங்களுக்குப் பங்கு இருக்கா எண்டு கேப்பாங்க. என்ன சொல்ற?"

"ஓம் சேர், இருக்கு!" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"எல்லாரும் ஒண்டாச் சொல்லாதீங்க. ஒத்திகை பாத்த மாதிரி இருக்கும்."

முன்வரிசையில் இருந்த கசுன், சிலாபத்துச் சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவான். எழும்பி நின்று, "ஹரி, சரி சேர். நாங்க ஒவ்வொரு ஆளா ஒரே பதிலச் சொல்றம்," என்றான். அதில் கிண்டல் இருந்ததா என்று பணிப்பாளருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

4. நீலமும் மெரூனும்

கொழும்பிலிருந்து வந்த குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. மெல்லிய குரல், பெரிய கண்ணாடி. கேட்போர் கூடத்தில் பத்து மாணவர்களையும் வட்டமாக இருத்தி, பணிப்பாளர் எதிர்பார்த்த கேள்வியையே முதலில் கேட்டார். பதில் ஒவ்வொன்றாக, அழகாக வந்தது. பணிப்பாளர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நல்லது. நீங்கள் சொல்லி மாறிய ஒரு முடிவைச் சொல்லுங்கள் பார்க்கலாம்," என்றார் பேராசிரியை.

ஒத்திகையில் அது இருக்கவில்லை. கசுன் எழும்பினான்.

"ஹோல் கர்ட்டன் மெடம். கலர் எங்கக்கிட்டக் கேட்டாங்க. நாங்க நீலம் எண்டு சொன்னம்."

எல்லோரும் திரும்பி, அந்த மண்டபத்தில் தொங்கிய மெரூன் திரையைப் பார்த்தார்கள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மாணவர்கள் தெரிவு செய்த பிரதிநிதி இதில் யார்?"

"அவ இண்டைக்கு வரல்ல மெடம். லீவு," என்றார் பணிப்பாளர்.

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே உதவிப் பதிவாளர்? அவ எங்க இருக்கிறா?"

காலையில் வரும்போது நூலக வாசலில் எனக்குச் சலாம் சொன்னவள் ரிசானா. "லைப்ரரியில இருக்கிறா மெடம்," என்றேன். என் கன்னத்தில் பணிப்பாளரின் பார்வை சுட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ரிசானா வந்தாள். பேராசிரியை எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பணிப்பாளர் விறாந்தையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

போகும்போது பேராசிரியை சொன்னது இவ்வளவுதான்: சபையில் காலியாக இருக்கும் மாணவர் இடங்களை உடனே நிரப்ப வேண்டும், நேர அட்டவணை பேசப்படும் கூட்டத்தில் அவர்கள் இருக்க வேண்டும்.

"எங்கட எண்ணமும் அதுதான் மெடம்," என்றார் பணிப்பாளர். கார் கேற்றைத் தாண்டும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார்.

5. கழுதை விவகாரம்

அடுத்த சபைக் கூட்டத்துக்கு ரிசானாவும் கசுனும் வந்தார்கள். மேசையைச் சுற்றி இடம் போதாது என்று அவர்களுக்குக் கதவடியில், சுவரோரமாகக் கதிரை போடப்பட்டிருந்தது. நேர அட்டவணையை நிரலின் அடியில் போடும்படி பணிப்பாளர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"பிள்ளைகள் சபை நடக்கிற விதத்தப் பாத்துப் பழகட்டும் மிஸ்."

பிள்ளைகள் பார்த்தார்கள். முதலில் அனுதாபத் தீர்மானம். பிறகு வளாகத்துக்குள் புகுந்து பூஞ்செடிகளைத் தின்னும் கழுதைகள். கழுதைகளை விரட்டுவதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். அறிவித்தல் பலகையில் 'கழுதை' என்று எழுதலாமா, 'கால்நடை' என்று எழுதலாமா என்பதில் சபை இரண்டாகப் பிரிந்தது. ஒரு கலாநிதி, கழுதை என்று எழுதினால் வளாகத்துக்கு மரியாதைக் குறைவு என்றார். இன்னொரு கலாநிதி, கால்நடை என்று எழுதினால் மாடு வைத்திருப்பவர்கள் கோபிப்பார்கள் என்றார். தீர்மானிக்க ஓர் உபகுழு அமைத்தோம். அப்போது ரோல்ஸும் பிளேன்டீயும் வந்தன. தின்றுகொண்டே சிலர் புறப்படக் கார்த் திறப்பைக் கையில் எடுத்தார்கள்.

"நேரம் போய்ட்டு," என்றார் பணிப்பாளர். "டைம் டேபிள அடுத்த கூட்டத்தில பேசுவம்."

ரிசானா எழும்பினாள்.

"சேர், அடுத்த கூட்டம் வரைக்கும் ஷஹானா இருக்க மாட்டா. இந்த மாசத்தோட பேர வெட்டச் சொல்லி அவட வாப்பா சொல்லிட்டார். படிச்சது போதுமாம், கலியாணம் பேசுறாங்க."

"அது குடும்பப் பிரச்சின," என்றார் இல்யாஸ் சேர். "கொழும்பு லெக்சரர்மாருக்குக் காலையில வர ஏலாது. அதுக்கு நாங்க என்ன செய்ற?"

"கேட்டுப் பாத்தன் சேர். அவங்க விடிய ரயில்லதான் சிலாபத்துக்கு வாறாங்க. இங்க வந்து சேந்து, பகல் வரைக்கும் லைப்ரரியில சும்மா இரிக்கிறாங்க. காலையில வச்சா நேரத்தோட வீட்ட போகலாமெண்டு அவங்களே சொல்றாங்க."

"எல்லாருக்கும் வசதி பாக்க ஏலாது. எனக்கும் காலையில எத்தனையோ வேல இருக்கு."

"தெரியும் சேர்," என்றாள் ரிசானா. குரல் உயரவில்லை. "என்ட தம்பி ஏ.எல். சோதன ரெண்டாந்தரம் எடுக்கிறான். உங்கட டியூஷனுக்குத்தான் காலையில வாறான். நீங்க நல்லாப் படிப்பிக்கிறீங்களாம்."

சபையில் மெல்லுகிற சத்தம் நின்றது. ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடியே பல்லை எடுக்காமல் இருந்தார். நான் அன்றுதான் அதைக் கேள்விப்பட்டேன். பணிப்பாளரின் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கு அது பழைய செய்தி என்று தெரிந்தது.

அவர்தான் முதலில் இருமினார். "அப்ப... பழையபடி காலைக்கே வைப்பம். என்ன இல்யாஸ் சேர்?"

"எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல," என்றார் இல்யாஸ் சேர், கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

கழுதைக்குப் போன நேரத்தில் ஒரு துண்டுகூட இதற்குச் செலவாகவில்லை.

6. அதற்குப் பிறகு

ஷஹானா திரும்பி வந்தாள். கலியாணப் பேச்சைப் படிப்பு முடியும்வரை தள்ளிப்போட்டார்கள். கற்பிட்டிப் பிள்ளையிடமும் ரிசானா போய்ச் சொன்னாள். அவள் அதற்குள் கார்மன்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "இப்பதான் மாத்தினாங்களா?" என்று மட்டும் கேட்டாளாம். அவள் வரவில்லை.

வளாகத்தின் ஆண்டறிக்கையில் 'மாணவர் பங்கேற்பின் வெற்றி' என்று ஒரு பக்கம் வந்தது. பணிப்பாளரும் இல்யாஸ் சேரும் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். ரிசானா படத்தில் இல்லை.

அந்த அறிக்கை வந்த கிழமையே பணிப்பாளர் என்னை அழைத்தார்.

"மிஸ், சபையில ஒதுக்கப்பட்ட விடயம் வந்தா மாணவர் வெளிய போகோணும்தானே?"

"ஓம் சேர்."

"டைம் டேபிளயும் அதில போட்டுருங்க."

"விதியில பரீட்சையும் நியமனமும்தான் சேர் ஒதுக்கியிருக்கு."

"விதிய மாத்த ஏலாதா?"

"ஏலும் சேர். அதுக்குச் சபை கூடோணும். சபையில ரிசானா இருப்பா."

அவர் ஆண்டறிக்கையை மூடி வைத்தார். பிறகு, "சரி, விடுங்க," என்றார். நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் அவர் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. வேறு கதையும் அதிகம் கதைக்கவில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். மாணவருக்குக் கதிரை போடச் சொன்னால் எந்தப் பெரியவரும் மறுக்க மாட்டார். படம் எடுக்க அது நல்லது. அவர்களுடைய விடயத்தை எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லா விளையாட்டும் நடக்கும். நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்கிறவர் நீங்கள். மேலிடம் 'கடைசியில் போடு' என்று சொல்லும். ஏன் என்று சத்தமாக, நாலு பேர் முன்னால் கேளுங்கள். பதில் சொல்ல வெட்கப்பட்டு, பெரும்பாலும் 'சரி, முதலிலேயே போடுங்கள்' என்பார்கள். நான் கடைசிக் காலத்தில் கேட்ட ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்தது. ரோல்ஸ் வருவதற்கு முன்னர், வயிறு காயும் சபை எவ்வளவு விரைவாக நியாயம் தீர்க்கும் என்று பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.