இருபத்தேழாம் திகதிப் படம்

இதை யாராவது கற்பனை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கற்பனையில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். இதற்குக் காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. நடந்தது மட்டும் தெரியும். பேய் என்றால் இராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது பட்டப்பகலில், உச்சி நேரத்தில். வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது.

2007ஆம் ஆண்டு. திருகோணமலை உட்துறைமுக வீதியில் எனக்கு ஒரு கொமினிகேசன் கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருவார்கள், போட்டோக் கொப்பி அடிக்க வருவார்கள். அந்த வருசம் புதிதாக இன்னொரு வேலை சேர்ந்திருந்தது. கைத்தொலைபேசியில் இருக்கும் படங்களைச் சீடியில் ஏற்றிவிட்டு, போனை வெறுமையாக்கிக் கொடுப்பது. சோதனைச் சாவடியில் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்ப்பார்கள். கடற்கரையில் நின்று எடுத்த படத்தில் பின்னால் ஒரு கடற்படைப் படகு தெரிந்தால் போதும், உங்களுக்கு அன்றைய பொழுது அங்கேதான். கலியாண வீட்டுப் படத்தைக்கூட ஆட்கள் போனில் வைத்திருக்கப் பயந்த காலம்.

என் தங்கச்சியின் மகள் பூரணி என்னோடுதான் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. முப்பது வயது தாண்டிவிட்டது. பேசின சம்பந்தம் இரண்டையும் சண்டை குழப்பியது. மூன்றாவதாக வந்தவர் குச்சவெளித் தவராசா. சொந்தமாகப் படகு வைத்திருந்தார். முதல் மனைவி புஸ்பராணியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதிகம் பேசாத மனிதர். திங்கட்கிழமை கலியாணப் பதிவு எழுதுவதாக ஏற்பாடு.

அவர்தான் பூரணிக்கு அந்தப் போனைக் கொடுத்தார். கமரா உள்ளது. கொழும்பில் வாங்கியதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் பூரணி கடைக்கு வந்தாள்.

“பெரியம்மா, நிச்சயார்த்தப் படங்களைச் சீடியில போட்டுத் தாங்கோ. செக் பொயின்ற்ல நிண்டு அவங்களுக்கு மாப்பிள்ளையைக் காட்ட எனக்கு ஏலாது.”

வயரைப் பொருத்தினேன். அந்தப் போன் படங்களுக்குத் தானே பெயர் வைக்கும். முதலில் திகதி, மாதம், ஆண்டு. பிறகு அடைப்புக்குள் ஓர் எண். மாதத்துக்கு ஒரு போல்டர். படத்தை அழித்தாலும் எண் பின்னுக்குப் போகாது. அடுத்த படத்துக்கு அடுத்த எண்தான். நிச்சயார்த்தப் படங்கள் ஓகஸ்ட் போல்டரில் இருந்தன. நாற்பது படம், எண் 1 முதல் 40 வரை.

மேலே இன்னொரு போல்டர். 2004 டிசம்பர்.

சாவடியில் பற்றறியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டால் போனுக்குத் திகதி மறந்துபோகும். பிறகு எடுக்கிற படமெல்லாம் 2000 ஜனவரியில் போய் விழும். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பரில் விழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே ஒரே ஒரு படம். பெயர் 27122004. எண் 41.

திகதிப்படி அதுதான் ஆகப் பழைய படம். எண்ணைப் பார்த்தால் ஆகக் கடைசியாக எடுத்த படம்.

திறந்தேன். முழுக்கக் கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம்.

“நிலவைப் படம் எடுத்தனியோ பிள்ளை?”

“எனக்கென்ன விசரே?”

நிச்சயார்த்தப் படங்களைச் சீடியில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். போனை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பூரணி சட்டை தைக்கக் கொடுத்த இடத்துக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு பத்து இருக்கும். லாச்சிக்குள் ஒரு சத்தம்...

க்ளிக்.

திரும்பவும் வயரைப் பொருத்தினேன். அழித்த போல்டர் அங்கேயே இருந்தது. 27122004. எண் 42. வட்டம் இப்போது பெரிதாகத் தெரிந்தது. வட்டத்துக்குக் குறுக்கே ஒரு மரச் சட்டம். அதில் தொங்கியது ஒரு கப்பி.

அது நிலவில்லை. கிணறு. கிணற்றுக்குள் இருந்து மேலே பார்த்து எடுத்த படம்.

பக்கத்துக் கடையில் போன் திருத்தும் றஊப்பைக் கூப்பிட்டேன். கிண்ணியாப் பொடியன், வாய் ஓயாது.

“என்னாக்கா, கலியாணப் போன் வெக்கப்படுதா?” என்று பின்மூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தான். “உப்பு! கடல்ல முக்கி எடுத்தீங்களா? இவ்வளவு தண்ணி குடிச்ச போன் வேலை செய்யாதே...”

பற்றறியைக் கழற்றி மேசையில் ஒரு பக்கம் வைத்தான். போனை மற்றப் பக்கம் வைத்தான்.

“இனிப் படம் எடுக்கட்டும் பாப்பம்.”

சிரித்தான்.

க்ளிக்.

சிரிப்பு அப்படியே நின்றது.

“அக்கா... லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. நான் போறன்.”

அன்று கடையைப் பூட்டும்வரை அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பற்றறியைப் போட்டு நானே பார்த்தேன். எண் 43. கிணற்று விளிம்பில் யாரோ குனிந்து நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை.

பின்னேரம் பூரணியிடம் சொன்னேன். அவள் படத்தைப் பார்க்கவே மறுத்தாள்.

“ரெண்டைச் சண்டை குழப்பினது. இதை நீங்கள் குழப்பாதேங்கோ பெரியம்மா.”

“அலை வந்தது எத்தினையாம் திகதி?”

“இருபத்தாறு.”

“படத்தில?”

போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள்.

“போனுக்குத் திகதி பிழைக்கும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?”

தவராசா அடுத்த நாள் வருவார், பதிவுக்கு அடையாள அட்டைக் கொப்பி எடுக்க. வரட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம். பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. வீதியில் சத்தமே இல்லை. பூரணி என் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். தவராசா அடையாள அட்டையை நீட்டினார்.

“ரெண்டு கொப்பி காணும், அக்கா.”

போன் கொம்பியூட்டரில் பொருத்தியபடி மேசையில் கிடந்தது.

க்ளிக்.

யாரும் தொடவில்லை. திரையில் எண் 44 தானாக விரிந்தது.

வட்டம். வெளிச்சம். குனிந்த முகம்.

தவராசா. இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கியபடி.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். நெடுநேரம் பார்த்தார்.

“இதை ஆர் எடுத்தது?”

என்ன இது என்று அவர் கேட்கவில்லை. பூரணியும் அதைக் கவனித்துவிட்டாள். எழுந்து நின்றாள்.

“இருபத்தேழாம் திகதி புஸ்பராணி உயிரோடயோ இருந்தவா?”

“செத்திட்டாள். நான் பாத்தனான்.”

“எங்க பாத்தனீங்கள்? கடல் கொண்டுபோனதெண்டுதானே சொன்னனீங்கள்?”

அவர் அடையாள அட்டையைச் சேட்டுப் பையில் திணித்தார். வயரோடு இழுத்துப் போனைப் பறித்தார்.

அவர் கைக்குள்ளேயே...

க்ளிக்.

ஓடினார்.

கடைச் சீமெந்து நிலத்தில் ஈர அடிகள். மேசையடியிலிருந்து வாசல்வரை. அவர் செருப்பு போட்டிருந்தார்.

அவை வெறுங்கால் அடிகள்.

சின்ன அடிகள்.

அவர் போன பக்கமே போயின.

பதிவு நடக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் பூரணி போய்த் தைத்த சட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தவராசாவை ஒருவரும் காணவில்லை. ஆட்களைக் கடத்துகிற வெள்ளை வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் விழுந்தால் யாரும் தேடப் போவதில்லை. அலை கொண்டுபோனது என்று அவர் சொன்னபோதும் புஸ்பராணியை யாரும் தேடவில்லைத்தானே?

சண்டை முடிந்த வருசம், டோகாவிலிருந்து புஸ்பராணியின் அண்ணன் அருளம்பலம் வந்தார். தவராசா இருந்த குச்சவெளி வீடும் வளவும் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தவை. பின்பக்கத்தில் ஒரு கிணறு. சுனாமிக்குப் பிறகு ஊர்க் கிணறுகளையெல்லாம் இறைத்துத் துப்புரவாக்க ஆட்கள் வந்தபோது, தன் கிணறு சரிவராது, உப்பு ஏறிவிட்டது என்று தவராசா அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கொங்கிறீற் போட்டு வாயை மூடியிருக்கிறார். மேசன் ஈரச் சீமெந்தில் ஆணியால் ஆண்டைக் கீறி வைத்திருந்தான். 2005.

அதில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. உடைக்க அரை நாள் எடுத்ததாம்.

உள்ளே இரண்டு பேர்.

ஒன்று பழைய எலும்பு. மற்றதன் சேட்டுப் பையில் தவராசாவின் அடையாள அட்டை.

அருளம்பலம் என் கடைக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். நகத்தளவில் ஒரு மெமரி காட்.

“போன் அங்கதான் கிடந்தது. நான் தங்கச்சிக்கு அனுப்பின போன், அக்கா. பொலிசுக்குச் சொல்ல முந்தி இதை மட்டும் கழற்றிப்போட்டன். பாக்க ஏலுமோ?”

போட்டேன். ஒரேயொரு போல்டர். 2004 டிசம்பர். கடைசிப் படம், எண் 46.

இடுப்பளவு தண்ணீரில் தவராசா. இரண்டு கைகளையும் கூப்பி அண்ணாந்து பார்க்கிறார். வாய் கிழியக் கத்துகிறார்.

அதற்கு முந்தின படமெல்லாம் கீழேயிருந்து எடுத்தவை.

இது மேலே நின்று எடுத்தது.